டார்ச் விளக்கும் நந்தா விளக்கும்

தியாகதுருகத்துக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில், கள்ளக்குறிச்சியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பாறை மலை தெரியும். ஒவ்வொரு தடவையும், "அடுத்த முறை இறங்கிவிட வேண்டியதுதான்" என்று தீர்மானம் செய்துகொள்வேன். ஒவ்வொரு தடவையும் பஸ் போய்விடும். தீர்மானம் மட்டும் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் துணிந்து இறங்கிவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை மட்டும் காரணம் இல்லை. அந்த ஊரில் ஒருவருக்கு நான் ஐம்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருந்தது. தொகை பெரிதல்ல, ஐம்பத்தொரு ரூபாய். ஆனால் மனச்சாட்சிக்குத் தொகையின் பெருமை சிறுமை தெரிவதில்லை.

விஷயம் இதுதான். நான் அந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரு பிரதி. அந்த ஒரே பிரதி வீடு வீடாகப் போய்வரும். கதை, கவிதை, கேள்வி பதில், துணுக்கு, வர்ணப் படம் எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள் கடைசிப் பக்கத்தில் தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும். சிலர் அபிப்பிராயத்தோடு காப்பிக் கறையையும் சேர்த்து அனுப்புவார்கள். காகிதமும் மையும் வாங்கப் பணம் கிடைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது.

அப்போது எங்களில் ஒருவனுடைய மாமா, பாத்திரம் செய்யும் கன்னார், எங்களுக்கு ஓர் உதவி செய்தார். தம் கையாலேயே பித்தளைத் தகட்டை உருட்டி ஒரு டார்ச் விளக்குச் செய்து கொடுத்தார். மூன்று பாட்டரிக் கட்டை போடும் நீண்ட குழல். சைக்கிள் விளக்கிலிருந்து எடுத்த கண்ணாடியும் கிண்ணமும். உடம்பு முழுவதும் கொடி வேலை; நடுவில் எங்கள் பத்திரிகையின் பெயர். உலகத்தில் அதைப் போல இன்னொன்று கிடையாது. "இதை ஏலம் போட்டுக் காசு பண்ணிக்குங்கடா" என்றார்.

பள்ளி ஆண்டு விழா முடிந்ததும் ஏலம் போட்டோம். கடையில் ஒரு நல்ல டார்ச் பத்து ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. ஏலம் மூன்று ரூபாயில் ஆரம்பித்து ஐம்பத்தொரு ரூபாயில் நின்றது. எடுத்தவர் தியாகதுருகத்தில் கடலைக்காய் மண்டி வைத்திருந்த இளைஞர் ஒருவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் பத்திரிகையை விடாமல் படிப்பவர். கூட்டம் கை தட்டியது. நான்தான் பொக்கிஷதார்.

அதற்குப் பிறகு மூன்று இதழ்கள் வந்தன. நான்காவது வரவில்லை. ஐம்பத்தொரு ரூபாய் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

*

இப்போது கோட்டைக்கு வருவோம். கல்வராயன் மலைகள் மேற்கே நீல நிறமாகத் தெரிகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து, சேலம், ஆத்தூர், சின்னசேலம் வழியாகக் கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் பாதைக்குத் தியாகதுருகம் ஒரு பூட்டு. பூட்டு இருக்குமிடத்தில் திருடனும் வருவான், வீட்டுக்காரனும் வருவான். யார் திருடன், யார் வீட்டுக்காரன் என்று சொல்ல முடியாதபடி பதினெட்டாம் நூற்றாண்டில் பலரும் வந்தார்கள். கர்நாடக யுத்தங்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தப் பாறைக்காக மாறி மாறி மோதினார்கள். புதுச்சேரி வீழ்ந்த 1761-ஆம் ஆண்டிலேயே, மேஜர் பிரெஸ்டன் என்பவரின் முற்றுகைக்குப் பணிந்து பிரெஞ்சுக்காரர் இதையும் ஒப்படைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குள், மூன்றாம் மைசூர் யுத்தத்தில், திப்பு சுல்தானின் படை மலையடிவாரத்துக்கு வந்தது. உள்ளே இருந்தவர் காப்டன் பிளின்ட். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஹைதர் அலியிடம் வந்தவாசிக் கோட்டையை விட்டுக்கொடுக்காமல் காத்தவர். இங்கேயும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திப்பு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்.

இந்தக் கோட்டைச் சண்டைகளுக்கும் ஏலத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஒரு கோட்டை விழுந்தால் அதிலிருந்த பொருள்களைப் படையின் 'பரிசுப் பொருள் ஏஜெண்டுகள்' கைப்பற்றி, ஏலம் போட்டு, பணத்தைப் பதவிக்குத் தக்கபடி பங்கிட்டுக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது இந்த வழக்கம் தன் முழு உருவத்தையும் காட்டியது. திப்புவின் தங்கச் சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு துண்டாக்கினார்கள். ஒரு நாட்டின் சிம்மாசனம் அப்படியே இருந்தால் அதைப் பங்கு போட முடியாதல்லவா? அவர் படுக்கையறையில் கிடைத்த வாள், படைத் தலைவர் பெயர்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அந்த வாள் 2023 மே மாதம் லண்டனில் மறுபடியும் ஏலத்துக்கு வந்து, ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுனுக்கு விலை போயிற்று.

'ஏலம்' என்ற சொல்லே கடல் கடந்து வந்ததுதான். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல் நம் துறைமுகங்களில் இறங்கி, தலையையும் வாலையும் இழந்து ஏலமாயிற்று. நாம் பாயசத்தில் போடும் ஏலத்துக்கும் இதற்கும் உறவில்லை. பாயசத்து ஏலம் மணக்கும். இது எப்போதும் மணக்கும் என்று சொல்ல முடியாது. கி.பி. 193-இல் ரோமாபுரியில் அரண்மனைக் காவற்படையினர் சக்கரவர்த்தியைக் கொன்றுவிட்டுச் சாம்ராஜ்யத்தையே ஏலம் போட்டார்கள். எடுத்தவர் பெயர் டிடியுஸ் ஜூலியானுஸ். அறுபத்தாறு நாள் ஆண்டார். பிறகு அவர் தலையும் போயிற்று.

இப்படி ஏலத்துக்கு ஒரு கெட்ட வம்சாவளி உண்டு. ஆனால் அதற்கு ஒரு நல்ல கிளையும் உண்டு. அங்கே பொருளின் விலையைப் பொருள் நிர்ணயிப்பதில்லை. பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் நிர்ணயிக்கிறது. தியாகதுருகத்திலிருந்து அதிக தூரமில்லை, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில். பங்குனி உத்திர விழாவின் ஒன்பது நாளும் நாளுக்கு ஒன்றாக வேலில் குத்திவைத்த எலுமிச்சம் பழங்களைக் கடைசியில் ஏலம் விடுகிறார்கள். 2024-இல் ஒன்பது பழங்களும் சேர்ந்து இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. பிள்ளை வரம் வேண்டி எடுக்கிறவர்கள் உண்டு. வியாபாரம் செழிக்க வேண்டி எடுக்கிறவர்கள் உண்டு. சந்தையில் விற்கும் எலுமிச்சைக்கும் அதற்கும் ருசியில் வித்தியாசம் இராது. ஆனால் ஊரே கூடி நிற்கும்போது ஒருவன் கேட்கும் விலையில் அவனுடைய ஏக்கமும் பக்தியும் கொஞ்சம் ஜம்பமும் கலந்திருக்கின்றன. அந்த மூன்றையும் பொதுக் காரியத்துக்குத் திருப்பிவிடும் வாய்க்கால்தான் இந்த வகை ஏலம்.

அமெரிக்காவில் ஒரு மளிகை வியாபாரி இந்த வாய்க்காலை எவ்வளவு ஆழமாக வெட்டலாம் என்று காட்டினார். அவர் பெயர் ரூயல் கிரிட்லி. 1864-இல் நெவாடாப் பிரதேசத்தில் ஆஸ்டின் என்னும் சுரங்க ஊரில் நகரத் தலைவர் தேர்தல். தோற்ற கட்சிக்காரர் ஐம்பது ராத்தல் மாவு மூட்டையைத் தோளில் சுமந்து ஊர்வலம் வர வேண்டும் என்று பந்தயம். கிரிட்லி தோற்றார், சுமந்தார். இறக்கிவைத்த மூட்டையை என்ன செய்வது? உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களின் நிதிக்காக ஏலம் போட்டார்கள். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, "மூட்டை எனக்கு வேண்டாம், மறுபடி ஏலம் போடுங்கள்" என்றார். அடுத்தவரும் அப்படியே. கிரிட்லி அந்த ஒரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மார்க் ட்வெயின் இந்தக் கதையைத் தம் புத்தகம் ஒன்றில் சொல்லியிருக்கிறார். ஆனால் அலைந்து அலைந்து கிரிட்லியின் உடம்பும் வியாபாரமும் கெட்டன. ஆறே வருஷத்தில், 1870-இல், காலமானார்.

*

நம் நாட்டில் இந்த வித்தையில் இணையற்றவர் ஒரே ஒருவர்தான். அரைத் துணி கட்டிய அந்த ஏலக்காரரை நேயர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

1933 நவம்பர் 7-ஆம் தேதி வார்தாவிலிருந்து காந்தியடிகள் ஹரிஜன நிதிக்காக யாத்திரை புறப்பட்டார். ஒன்பது மாதங்களில் சுமார் 12,500 மைல் சுற்றினார். சேர்ந்த பணம் எட்டு லட்சம் ரூபாய். டிசம்பர் 20-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி முழுவதும் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்தார். 17-ஆம் தேதி புதுச்சேரிக்கும் போனார்.

அந்தக் கூட்டங்களில் நடந்தது என்ன? நம் மக்களுக்கு ஒரு பெரியவரைக் கண்டால் உபசாரப் பத்திரம் வாசிக்காமல் இருக்க முடியாது. அதை வெறுங்காகிதமாகக் கொடுக்கவும் மனம் வராது. சட்டம் போட்டு, வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுப்பார்கள். காந்தியடிகள் வாங்கிக்கொள்வார். மறு நிமிஷமே அந்தப் பேழையைத் தூக்கிப் பிடித்து, அங்கேயே, கொடுத்தவர்கள் கண்ணெதிரிலேயே ஏலம் போட ஆரம்பித்துவிடுவார். பேழை போனால் பத்திரம். பத்திரம் போனால் மோதிரம். கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும். கையில் நகை போட்ட பெண்மணிகள் அவர் பக்கத்தில் வருவதற்கே கொஞ்சம் யோசித்தார்கள்.

யோசிக்காதவர்களும் இருந்தார்கள். 1934 ஜனவரி 14-இல் மலையாளத்து வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் கையெழுத்து வாங்க மேடைக்கு வந்தாள். கையிலிருந்த வளையைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு இன்னொரு வளையையும் கழற்றினாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள், காதிலிருந்ததையும் கழற்றினாள். தகப்பனார் சம்மதித்தாரா என்று காந்தியடிகள் விசாரித்தார். இனி வேறு நகை கேட்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அவள் ஒப்புக்கொண்டாள். அந்த வாரமே தம் 'ஹரிஜன்' பத்திரிகையில் அவளைப் பற்றி அவர் எழுதினார்.

மேடையில் ஏலம் போடுவது கௌரவக் குறைவு என்று அப்போது முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் எனக்கு அதில் ஒரு நுட்பம் தெரிகிறது. தனக்கு வந்த மரியாதையைத் தானே வைத்துக்கொண்டால் அது ஒரு மனிதனின் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஏலம் போட்டால் அது கூட்டத்துக்கே திரும்பிப் போகிறது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1901-இல் கிளம்பியபோதே, வழியனுப்பு உபசாரத்தில் வந்த நகைகளைக் கஸ்தூரிபாயின் கண்ணீரையும் மீறிப் பொது அறநிதியாக்கிவிட்டு வந்தவர். முப்பது வருஷப் பழக்கம் அது.

ஆயினும் இந்த நிதியைக் குறித்து ஒரு பெரிய கேள்வி எழுந்தது. அதைக் கேட்டவர் டாக்டர் அம்பேத்கர். யாருக்காகப் பணம் சேர்க்கிறீர்களோ அவர்களுக்கு அதன் நிர்வாகத்தில் என்ன இடம் என்பதுதான் கேள்வி. 1932-இல் தோன்றிய ஹரிஜன சேவக சங்கத்தின் பொறுப்பு சாதி இந்துக்களின் கையிலேயே இருந்தது. "இது கடன்பட்டவன் கடனைத் தீர்ப்பது, ஆகையால் கடன்பட்டவனே நடத்த வேண்டும்" என்பது காந்தியடிகளின் பதில். கடனைத் தீர்ப்பவனே கணக்கையும் எழுதினால், கடன் கொடுத்தவனுக்குத் திருப்தி உண்டாகுமா? அம்பேத்கருக்கு உண்டாகவில்லை. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஏலத்தின் பெருமையை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது. ஏலம் கேட்டவன் கை தட்டலோடு வீட்டுக்குப் போய்விடுவான். கணக்கு என்பது அதற்குப் பிறகு ஆரம்பிக்கும் விஷயம்.

விதியின் விளையாட்டையும் பாருங்கள். எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஏலம் போட்டவரின் மிச்சம் மீதிகளை உலகம் ஏலம் போட ஆரம்பித்தது. 2009 மார்ச்சில் அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், கிண்ணம், தட்டு எல்லாம் நியூயார்க்கில் பதினெட்டு லட்சம் டாலருக்குப் போயின. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஏலக் கம்பெனி ஒன்றின் தபால் பெட்டியில் ஒரு காகித உறையில் யாரோ போட்டுவிட்டுப் போன இன்னொரு மூக்குக் கண்ணாடி 2,60,000 பவுனுக்குப் போயிற்று. காந்தியடிகள் உயிரோடிருந்தால் விலையைக் கேட்டுத் திகைத்திருக்க மாட்டார். "பணம் எந்த நிதிக்கு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

*

டார்ச் விளக்கின் சரித்திரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1899 ஜனவரியில் நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் குழல் வடிவமான மின்சாரக் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதை வியாபாரமாக்கியவர் மின்ஸ்க் பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்த கான்ராட் ஹ்யூபர்ட். முதலில் சில விளக்குகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்து, அவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளை விளம்பரமாகப் போட்டார். அந்தக் காலத்துப் பாட்டரி பலவீனமானது. தொடர்ந்து எரியாது; பளிச்சென்று ஒரு கணம் எரிந்து ஓய்வெடுக்கும். அதனால்தான் அமெரிக்கர்கள் அதற்கு 'பளிச்' விளக்கு என்ற பொருளில் 'பிளாஷ் லைட்' என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹ்யூபர்ட்டின் கம்பெனிதான் பின்னால் 'எவரெடி' என்று நம் கிராமத்துப் பெட்டிக் கடை வரைக்கும் வந்தது. 1928-இல் ஹ்யூபர்ட் இறந்தபோது தம் பெருஞ்சொத்தில் நான்கில் மூன்று பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைத்திருந்தார். எந்தெந்தத் தர்மம் என்று தீர்மானிக்கும் வேலை மூவரிடம் வந்தது: முன்னாள் ஜனாதிபதி கூலிட்ஜ், நியூயார்க்கின் முன்னாள் கவர்னர் ஸ்மித், சிக்காகோ வியாபாரி ரோசன்வால்ட். ஒருவர் புராட்டஸ்டண்டு, ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூதர். பளிச் விளக்கில் சேர்ந்த பணம் நின்று எரிய வேண்டும் என்று அதற்கு வழி செய்திருந்தார் அந்த மனிதர்.

இனி, சென்னையில் நடந்த ஒரு கதை. எங்கள் கையெழுத்துப் பத்திரிகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் சேர்ந்து ஞாபகம் வரும்.

1924 மே 16-ஆம் தேதி சென்னையில் சில ஆர்வக்காரர்கள் கூடி 'மெட்ராஸ் பிரெஸிடென்ஸி ரேடியோ கிளப்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். முன்னின்றவர் கிருஷ்ணசாமி செட்டியார். இங்கிலாந்தில் படித்துத் திரும்பியபோது கருவிப் பாகங்களைக் கொண்டுவந்து, இங்கே பூட்டி, நாற்பது வாட் சக்தியுள்ள ஓர் ஒலிபரப்புக் கருவியைத் தயார் செய்தார். ஜூலை 31-இல் ஒலிபரப்புத் தொடங்கியது. லாபம் கிடையாது; சம்பளம் கிடையாது. காற்றில் பாட்டு வருகிறதே என்ற ஆச்சரியம் ஒன்றுதான் மூலதனம். அங்கத்தினர்கள் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, கிரிஸ்டல் கல்லின் மேல் கம்பி முனையை நகர்த்தி நகர்த்தி, சங்கீதத்தைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு இருநூறு வாட் கருவியும் வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927-இல்தான் கம்பெனி வைத்து முறையாக ஒலிபரப்பினார்கள் என்பதை நினைத்தால், சென்னைக்காரர்களின் துணிச்சல் விளங்கும்.

ஆனால் ஆச்சரியத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவது? மூன்று வருஷத்தில், 1927 அக்டோபரில், பணமில்லாமல் கிளப் நின்றுவிட்டது.

கையில் மிஞ்சியது அந்தக் கருவி. அதைப் பகிரங்கமாக ஏலம் போட்டிருந்தால் எடுப்பதற்கு ஜமீன்தார்களும் மிராசுதார்களும் இருந்திருப்பார்கள். கடன்கள் தீர்ந்திருக்கலாம்; கிளப் இன்னும் ஆறு மாதம் மூச்சு விட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கருவியைச் சென்னை நகரசபைக்கே கொடுத்துவிட்டார்கள். நகரசபை 1930 ஏப்ரல் 1-இலிருந்து தானே ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோப் பெட்டி வாங்க முடியாத ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கும் வரையில் இது நடந்தது. கிளப் செத்துப் போயிற்று. ஆனால் அது ஏற்றிய விளக்கு அணையவில்லை. வரி வசூலிக்கும் ஒரு ஸ்தாபனத்தின் கையில் அதைச் சேர்த்ததுதான் காரணம்.

*

தியாகதுருகத்தில் அந்த மண்டிக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. இப்போது அவருக்கு எண்பதுக்கு மேல் வயது. கண் கொஞ்சம் மங்கல், நினைவு மங்கவில்லை. மண்டியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். என்னைக் கண்டதும், "பத்திரிகைக்காரத் தம்பியா? வாங்க, வாங்க!" என்றார். கோட்டையைப் பார்க்கப் பேரனைத் துணைக்கு அனுப்பினார். "இறங்கறதுக்குள்ள இருட்டிடும்" என்று அவனிடம் ஒரு டார்ச் விளக்கையும் கொடுத்தார்.

அதே விளக்கு! பித்தளை கறுத்திருந்தது. கொடி வேலை தேய்ந்திருந்தது. எங்கள் பத்திரிகையின் பெயரில் இரண்டு எழுத்துகளைக் காணோம். ஆனால் பொத்தானைத் தள்ளினால் எரிந்தது. மலையிலிருந்து இறங்கும்போது, அந்தப் பையன் ஒவ்வொரு படியாக வெளிச்சம் காட்ட, என் மனச்சாட்சியும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

திண்ணையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த ஐம்பத்தொரு ரூபாய்க்கு நான் கணக்குக் கொடுக்கவே இல்லை."

"என்ன கணக்கு?"

"முதல் இதழுக்கு அச்சு அட்டை போட்டோம். அது பதினெட்டு ரூபாய். ஏழு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். ரப்பர் ஸ்டாம்பு செய்தோம். மீதி டீக்கும் பஜ்ஜிக்கும் போயிற்று. காகிதத்துக்கு இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் நிறுத்தினோம். பணம் தொலைந்துவிட்டது என்று எல்லாரிடமும் நான் பொய் சொன்னேன்."

கிழவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் டார்ச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பணம் போனா போவுது தம்பி. நீங்க நிறுத்தினதுதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. அதுல ஒரு தொடர்கதை பாதியில நின்னு போச்சே! ஏலம் கேட்டன்னைக்கு ஒரு வீறாப்பு, கேட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் என்கிட்ட வரல. மாசம் எட்டணா குடுங்கண்ணேன்னு கேட்டிருந்தா, இன்னி வரைக்கும் குடுத்திருப்பேனே!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதே மாவட்டத்தில் திருக்கோவிலூர் இருக்கிறது. அங்கே வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களில் விளக்குத் தானம் செய்தவர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பழைய கோயில் எதைப் பார்த்தாலும் இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஒரு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, வைக்க விரும்பினால் என்ன செய்தார்? பொன்னைக் கொடுத்து, "இது தீரும் வரை எரியுங்கள்" என்று சொல்லவில்லை. ஆடு கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு; அல்லது நாற்பத்தெட்டுப் பசு; அல்லது பதினாறு எருமை. அவற்றை ஓர் இடையர் பெற்றுக்கொள்வார். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். பெருகும் குட்டிகளை வைத்து அவர் பிழைத்துக்கொள்ளலாம். கிழடு தட்டினாலும் செத்தாலும் குட்டியைக் கொண்டு ஈடு செய்ய வேண்டும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் அதற்குப் பெயர் சொல்கின்றன. சாகாத, கிழடாகாத ஆடு! ஆடு சாகும், மந்தை சாகாது. அந்தச் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டவர்கள் நம் முன்னோர்.

ஏலம் என்பது பளிச் விளக்கு. இருட்டில் ஒரு பள்ளத்தைக் காட்ட அதைப் போல வேறு கிடையாது. அதை ஏளனம் செய்கிறவன் நான் அல்ல. காந்தியடிகளின் கையில் அது ஒரு தேசத்தின் பள்ளத்தையே காட்டியது. ஆனால் பாட்டரி தீர்ந்தால் இருட்டுத்தான். நாலு பேர் ஆசையோடு கூடி நடத்தும் நாடகக் குழுவோ, வாசகசாலையோ, தபால் தலை சேகரிப்போர் சங்கமோ, எதுவாக இருந்தாலும் அதற்கு வேண்டியது தொண்ணூற்றாறு ஆடு. மாதம் தவறாமல் உழக்கு நெய் அளக்கும் தொண்ணூற்றாறு பேர். அவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். கை தட்டல் முடிந்த மறுநாள் காலையில், கணக்கு நோட்டோடு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க யாராவது ஒருவர் வேண்டும். எங்கள் சங்கத்தில் அந்த ஒருவராக இருந்திருக்க வேண்டியவன் நான்.

விடைபெறும்போது, ஐம்பத்தொரு ரூபாயை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "பாதியில நின்ன அந்தத் தொடர்கதையை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணே."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. மீதியை எழுதி அனுப்புங்க. மாசம் ஒரு பாகம். எட்டணா நான் அனுப்பறேன்."

இதுவரை இரண்டு பாகம் எழுதி அனுப்பியிருக்கிறேன். எட்டணாவுக்குப் பதிலாக மாதம் ஒரு ரூபாய் நாணயத்தைப் பேரன் உறைக்குள் வைத்து அனுப்புகிறான். விலைவாசி ஏறியிருக்கிறதல்லவா? இந்த மாதப் பாகம் இன்னும் பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரையை இங்கே முடித்துவிட்டு அதை எழுதப் போகிறேன்.